1/500 என்னும் பழைய கணக்கு

டெலி லென்ஸைக் கையில் பிடித்துப் பறவைகளைப் படமெடுக்க வருகிறவர் காதில் முதலில் விழும் பாடம் ஒன்றுதான். லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ, ஷட்டர் வேகம் ஒரு விநாடியில் அத்தனையில் ஒரு பங்கு. 500 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 1/500. ஃபிலிம் காலத்தில் கற்றவர்கள் அடுத்தவருக்குச் சொன்னார்கள், அவர்கள் அதற்கடுத்தவருக்குச் சொன்னார்கள். இன்றும் வேடந்தாங்கல் ஏரிக்கரைக்குப் புதிதாகக் கேமரா தூக்கி வருகிறவர்கள் இந்தக் கணக்கோடுதான் வருகிறார்கள். கணக்கு தப்பில்லை. ஆனால் அது படமெடுப்பவரின் கை எவ்வளவு ஆடும் என்ற கேள்விக்கு மட்டும் விடை. எதிரே பறவை என்ன செய்கிறது, எவ்வளவு தூரத்தில் இருந்து செய்கிறது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரவே இல்லை. பல பத்தாண்டுகள் இந்த வேலையில் இருந்த பிறகு எனக்கு உறுதியாகப் படுவது இது: ஷட்டர் வேகத்தைப் பறவையையும் தூரத்தையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும், ஐ.எஸ்.ஓ. என்ன ஆகிறது என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நடைமுறையில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஐ.எஸ்.ஓ.வைத் தாழ்வாக வைத்துக்கொண்டு, மிச்சம் கிடைக்கும் வேகத்தில் பறவையை அடக்கப் பார்க்கிறார்கள்.

பழைய கணக்கு இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம் ஃபிலிம்தான். வண்ண ஸ்லைடு எடுத்தவர்கள் கையில் இருந்தது கோடாக்ரோம் 64, பிறகு 1990-இல் வந்த வெல்வியா 50. நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் எண்ணில் ஒரு பங்கு என்பது அன்றைக்கு எல்லோருக்கும் மனப்பாடம். அதன்படி எஃப் 5.6 லென்ஸை முழுக்கத் திறந்தாலும் உச்சி வெயிலில் வெல்வியாவுக்குக் கிடைப்பது 1/400, கோடாக்ரோமுக்கு 1/500. அதாவது விதி கேட்ட வேகமும் வெளிச்சம் தந்த வேகமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதற்கு மேல் போக வழியே இல்லாதபோது, அதுவே போதும் என்று விதி சொன்னது எல்லோருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். கானுயிர்களைக் கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே எடுத்த மா. கிருஷ்ணன் போன்றவர்களுக்கு 400 வேக ஃபிலிமின் வசதி கிடைத்தது. ஆனால் 1959-இல் வந்த நிக்கான் எஃப் கேமராவின் உச்ச வேகமே 1/1000தான். 1/4000 என்ற எண் 1982-இல் எஃப்.எம்.2 வந்த பிறகுதான் கைக்கு வந்தது. அந்தக் காலத்துப் பறவைப் படங்களில் கூடும், குஞ்சும், கிளையில் உட்கார்ந்த கோலமும் நிறைந்திருப்பதற்கும், பறக்கும் பறவைக்கு எரிக் ஹாஸ்கிங் போன்றவர்கள் ஃபிளாஷை நம்பியதற்கும் இதுதான் காரணம். ரசனை பிறகு வந்தது, முதலில் வெளிச்சம்.

இன்னொரு விஷயமும் அந்த விதிக்குள் ஒளிந்திருந்தது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமை எட்டுக்குப் பத்து அங்குலத் தாளில் அச்சடித்துக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால், ஃபிலிமில் 0.03 மில்லிமீட்டர் அளவுக்குள் இருக்கும் மங்கலைக் கண் மங்கலாகவே எண்ணாது. கூர்மை என்று அன்று சொன்னது அந்த அளவைத்தான். இன்றைய 45 மெகாபிக்சல் முழு ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 4.4 மைக்ரான். அன்று கூர்மை என்று ஒப்புக்கொண்ட 0.03 மில்லிமீட்டர், இதில் கிட்டத்தட்ட ஏழு பிக்சல் அகலத்துக்குப் பரவிக் கிடக்கும். இரண்டு பிக்சலுக்குள் அடக்க வேண்டுமானால், கை ஆட்டம் ஒன்றுக்கு மட்டுமே பழைய வேகத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் வேண்டும். 1/500 இருந்த இடத்தில் 1/1600 வந்துவிடும். நூறு சதவீதத்தில் பெரிதாக்கி யார் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிலக்காட்சி எடுப்பவருக்கு அது பொருந்தவும் பொருந்தும். பறவை எடுப்பவர் படத்தை வெட்டாமல் வெளியிடுவது அபூர்வம். ஃபிரேமின் கால் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் உருப்பெருக்கம் இரண்டு மடங்காகிவிடும். 500 லென்ஸில் எடுத்தது 1000 லென்ஸில் எடுத்ததற்குச் சமம். சிறிய சென்சார் கேமராவின் ஒன்றரை மடங்கை எல்லோரும் நினைவில் வைத்துக் கணக்கில் சேர்க்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து செய்யும் வெட்டை மட்டும் யாரும் சேர்ப்பதில்லை.

இது வரைக்கும் கையைப் பற்றித்தான் பேச்சு. பறவையைக் கணக்கில் கொண்டுவந்தால் எண்கள் வேறு திசையில் ஓடும். அதே சென்சார், அதே 500 லென்ஸ், இருபது மீட்டர் தூரத்தில் ஒரு பறவை என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்தில் ஒரு பிக்சல் பறவையின் மேனியில் சுமார் 0.18 மில்லிமீட்டரை மூடும். பறவை விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் குறுக்கே போனால், சென்சாரின் மேல் விநாடிக்கு ஐம்பத்தேழாயிரம் பிக்சல் ஓட்டம். கேமராவை அசைக்காமல் பிடித்திருந்தால் 1/2000-இலும் இருபத்தெட்டு பிக்சல் இழுப்பு. பறவையோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பி, அதன் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் பிடித்துவிட்டால் அதே 1/2000-இல் இழுப்பு மூன்று பிக்சலுக்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே பறக்கும் பறவையின் உடலைக் கூர்மையாக்குவதில் ஷட்டருக்கு இருக்கும் பங்கைவிடப் பேனிங்குக்குப் பங்கு அதிகம். ஷட்டர் செய்வதெல்லாம் பேனிங்கில் விட்டுப்போன பிசகைத் துடைப்பது. பிசகு குறைந்தவர் குறைந்த வேகத்தில் எடுக்கலாம். ஒரே நாரையை ஒரே இடத்தில் நின்று எடுக்கும் இருவருக்கு இரண்டு வேறு வேகம் தேவைப்படுவதற்கு இதுவே காரணம். இணையத்தில் தேடி எடுத்த அட்டவணை பலருக்குக் கைகொடுக்காததற்கும் இதுதான்.

சிறகு விஷயத்தில் பேனிங் உதவாது. பதினைந்து சென்டிமீட்டர் நீளச் சிறகு, விநாடிக்கு எட்டு அடிப்பு, ஒவ்வொரு வீச்சும் நூறு பாகை என்று ஒரு மாதிரிக் கணக்கு போட்டால், சிறகு முனை சராசரியாக விநாடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் ஓடும். 1/1000-இல் அது இருபத்து நான்கு பிக்சல் இழுபடும். 1/3200-இலும் ஏழு பிக்சல் மிச்சம். ஆனால் இது சராசரி. வீச்சின் உச்சியிலும் அடியிலும் சிறகு ஒரு கணம் நின்று திரும்புகிறது. அந்தக் கணத்தில் 1/1000 கூடப் போதும். விநாடிக்கு இருபது படம் எடுக்கும் கேமராக்கள் வந்த பிறகு பறக்கும் படங்களில் கூர்மை கூடியதற்கு வேகமான ஷட்டரைக் காரணமாகச் சொல்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. தொடராக எடுத்த படங்களில் ஏதோ ஒன்றிரண்டு அந்தத் திருப்பத்தில் விழுந்துவிடுகின்றன என்பதே மீதிப் பாதி.

தூரம் இரண்டு மடங்கானால் தேவையான வேகம் பாதியாகும் என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. இதன் மறுபக்கத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை. நெருங்கி வந்துவிட்ட பறவை, ஃபிரேமை நிறைத்து நிற்கும் பறவை, அதுதான் எளிது என்று எண்ணி வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அதற்குத்தான் வேகம் கூடுதலாக வேண்டும். பழவேற்காட்டில் எங்கோ தொலைவில் வரிசையாகப் பறக்கும் பூநாரைக் கூட்டத்துக்கு 1/1000 தாராளம். தலைக்கு மேல் பத்து மீட்டரில் கடக்கும் ஆலாவுக்கு 1/3200 வைத்தாலும் நிச்சயம் சொல்ல முடியாது. பறவையின் உருவமும் நம்மை ஏமாற்றும். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் சிறகை விரித்து மிதந்து வரும்போது 1/1000 முதல் 1/1600 வரை போதும்; அவையே நீரிலிருந்து எழும்பும் நேரத்தில் சிறகடிப்பு வேறு, அப்போது 1/2500 கேட்கும். பஞ்சுருட்டானும் தகைவிலானும் திசை மாற்றும் விதத்தைப் பார்த்தால் 1/3200-க்குக் கீழே இறங்க மனம் வராது. பேனிங்கில் அவற்றின் வேகத்தில் பத்தில் ஒன்பதைப் பிடிப்பது யாராலும் ஆகிற காரியமில்லை.

உட்கார்ந்த பறவைக்கு இந்தப் பாடெல்லாம் எதற்கு, இப்போதுதான் அதிர்வு நீக்கி வந்துவிட்டதே என்பது அடுத்த கேள்வி. 1995-இல் கேனன் தன் 75-300 லென்ஸில் அதைக் கொண்டுவந்தபோது பலரும் வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். இன்று ஐந்து ஸ்டாப் வரை தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். ஐந்து ஸ்டாப் என்றால் 1/500 இருந்த இடத்தில் 1/15. கல்லைப் படமெடுக்க 1/15 போதும். பறவை மூச்சு விடுகிறது, காற்றில் அதன் கழுத்து இறகு எழும்பித் தணிகிறது, உட்கார்ந்த கிளையும் ஆடுகிறது. கிளை விநாடிக்கு வெறும் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்தால்கூட, முன் சொன்ன இருபது மீட்டர் தூரத்தில் 1/60-இல் ஐந்து பிக்சல் இழுப்பு வரும். 1/250-இல்தான் அது ஒரு பிக்சலுக்கு இறங்கும். அதிர்வு நீக்கிக்கு இந்த அசைவைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதன் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் 200-500, 200-600 லென்ஸ்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் கை சற்று நேரத்தில் தளரும். வ்யூஃபைண்டரில் பறவை துள்ளாமல் நின்றால்தான் ஃபோகஸ் புள்ளி கண்ணில் விழும். அந்த நிலையைத் தருவதற்காகவே அதிர்வு நீக்கிக்குக் கொடுக்கும் காசு தகும்.

உட்கார்ந்த, நடக்கும் பறவைகளில் நமக்குச் சாதகமான ஒன்று அவற்றின் உடம்பிலேயே இருக்கிறது. புறாவையோ கோழியையோ நடக்கும்போது கவனித்தால், தலை ஓயாமல் முன்னும் பின்னும் ஆடுவதுபோலத் தெரியும். உண்மையில் தலை சடாரென்று முன்னே போகிறது, பிறகு உடம்பு வந்து சேரும்வரை அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. நிற்கும் அந்தப் பொழுதில் 1/250-இலேயே கண் பளிச்சென்று விழும். முன்னே போகும் பொழுதில் 1/1000-உம் போதாது. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேல் அந்தரத்தில் நின்று சிறகடிக்கும்போதும் தலை அசையாமல் நிற்கிறது. சிறகு புகையாகக் கரைந்து, கண்ணும் அலகும் ஊசியாக நிற்கும் படம் 1/800-இல் கிடைக்கும். தேன்சிட்டு பூவின் முன் மிதக்கும்போதும் அப்படியே. அதைப் பிழை என்று நினைப்பவர்கள் சிறகின் ஒவ்வொரு இறகையும் எண்ணுகிற மாதிரி உறைய வைக்க 1/6400 வரை போகிறார்கள். எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் பறவை நூலில் கட்டித் தொங்கவிட்டதுபோலத் தோன்றும்.

இனி ஐ.எஸ்.ஓ. பயம். இந்த வாதத்துக்கு வரும் எதிர்ப்பில் வலுவானது இதுதான். வேகத்தை ஏற்றினால் ஐ.எஸ்.ஓ. ஏறும், ஐ.எஸ்.ஓ. ஏறினால் நாய்ஸ் என்கிற குருணை படம் முழுக்கப் பரவும், மெல்லிய இறகு விவரமெல்லாம் அதில் போய்விடும், அப்புறம் ஷட்டர் வேகத்தால் என்ன லாபம் என்கிறார்கள். 2005 வாக்கில் இந்தப் பேச்சுக்கு முழு மதிப்பு இருந்தது. அன்றைய சென்சார்களில் 800-க்கு மேல் போகவே கை கூசும். 2007-இல் நிக்கான் டி3 6400-ஐச் சாதாரண எண்ணாக வைத்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. மாறாதது அந்தப் பழைய பயம். எண்களைப் பார்ப்போம். நல்ல வெயிலில் எஃப் 5.6, 1/3200 வைத்தால் ஐ.எஸ்.ஓ. வெறும் 400. விடியலிலோ மேகத்திலோ வெளிச்சம் நான்கு ஸ்டாப் குறைந்தால் 6400. அதே வெளிச்சத்தில் 1/800-க்கு இறங்கினால் 1600. இந்த இரண்டு ஸ்டாப் வித்தியாசத்துக்காக, சிறகடிக்கும் பறவை கரைந்துபோகும் அபாயத்தை ஏற்பதா என்பதுதான் உண்மையான கேள்வி. குருணை படம் முழுக்கச் சீராகப் பரவும் குறை. படத்தைச் சிறிதாக்கினால் தானே அடங்கும். மென்பொருளும் இன்று அதைப் பிரித்து எடுத்துவிடுகிறது. 2023-இல் லைட்ரூமுக்குள்ளேயே அப்படி ஒரு வசதி வந்த பிறகு 6400-இல் எடுத்த படத்தை அச்சில் பார்த்து எண்ணைச் சொல்வது கடினம். இழுபட்ட இறகுக்கு அப்படி மருந்து கிடையாது. கூர்மையாக்கும் மென்பொருள்கள் இல்லாத இறகை வரைந்து வைக்கின்றன. வல்லூறின் மார்புக் கோடுகள் அப்படி வரையப்பட்டால், பறவையியல் தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். படம் ஆவணமாக இருக்க வேண்டிய இடத்தில் அது பொய்.

குருணையைப் பற்றிய இன்னொரு தவறான எண்ணமும் இதோடு சேர்ந்தே வருகிறது. ஐ.எஸ்.ஓ. எண்ணைத் தாழ்த்தி, படத்தை இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றினால் குருணை குறையும் என்று சிலர் நம்புகிறார்கள். குறையாது. குருணையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சென்சாரில் வந்து விழுந்த ஒளியின் அளவு. அதை ஷட்டரும் லென்ஸின் திறப்பும் முடிவு செய்துவிட்டன. எண்ணை எங்கே ஏற்றினாலும் ஒளி அதேதான். ஆகவே ஷட்டரையும் அபெர்ச்சரையும் கையால் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ.வைக் கேமராவிடம் விட்டுவிடும் முறையே வயலிலும் ஏரியிலும் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. அதில் ஒரு கண்ணி உண்டு. கருத்த நீரின் மேல் வெள்ளைக் கொக்கு பறந்தால் கேமரா நீரைப் பார்த்து ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிவிடும், கொக்கு சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். கொக்குக்கு ஒரு ஸ்டாப்புக்கு மேல் குறைத்து வைக்க வேண்டும். வெளிறிய வானத்தில் செம்பருந்து வந்தால் அதே அளவு ஏற்ற வேண்டும். ஐ.எஸ்.ஓ. எண்ணைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தை இந்த ஒன்றுக்குச் செலவிட்டால் பலன் உண்டு.

எதிர்ப்பக்கத்தில் மிகை ஒன்றும் இருக்கிறது. எதற்கு வம்பு என்று காலை முதல் மாலை வரை 1/4000-இலேயே வைத்துக்கொள்பவர்கள். கரையில் அசையாமல் நிற்கும் நத்தை குத்தி நாரைக்கு 1/4000 வைப்பது நான்கு ஸ்டாப் ஒளியைச் சும்மா வீசி எறிவது. அதைவிடக் கெடுதி, படம் கூர்மையாக வராதபோதெல்லாம் ஷட்டரையே குற்றவாளியாக்கும் பழக்கம். மங்கலைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் காரணம் பெரும்பாலும் எழுதியே இருக்கும். ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஒரே திசையில் கோடாக நீண்டிருந்தால் கை ஆடியது. பின்னணி கோடாக நீள, பறவை மட்டும் சரியாக இருந்தால் அது நல்ல பேனிங். பின்னணி சரியாக இருந்து பறவை மட்டும் நீண்டிருந்தால் ஷட்டர் போதவில்லை. பறவைக்குப் பின்னால் உள்ள இலை கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியது, 1/8000-உம் அதைக் காப்பாற்றாது. எந்தத் திசையும் இல்லாமல் எல்லாம் நீருக்கடியில் பார்ப்பதுபோல நெளிந்திருந்தால் கானல். நம் ஊர்ச் சதுப்பு நிலங்களில் கூர்மையைத் தின்பது பெரும்பாலும் இந்தக் கானல்தான். வெயில் ஏறிய பிறகு பள்ளிக்கரணையிலோ கோடியக்கரையின் உப்பளப் பக்கமோ நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவையை எந்த லென்ஸும் எந்த வேகமும் கூர்மையாக்காது. அதற்கு மருந்து நெருங்குவது, அல்லது அதிகாலையில் வருவது.

மின்னணு ஷட்டர் வந்த பிறகு இந்தக் கணக்கில் புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. 1/8000 என்று திரையில் காட்டினாலும் சென்சார் ஒரே நேரத்தில் முழுப் படத்தையும் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. 2020-இல் வந்த கேனன் ஆர்5-இல் அந்த வாசிப்புக்கு ஏறத்தாழ 1/60 விநாடி ஆகிறது. விநாடிக்கு எட்டு முறை அடிக்கும் சிறகு அதற்குள் ஒரு வீச்சில் கால் பங்கு நகர்ந்துவிடும். ஒவ்வொரு வரியும் கூர்மை, மொத்தச் சிறகு மட்டும் கோணல். ஷட்டர் வேகத்தை எவ்வளவு ஏற்றினாலும் அது நிமிராது. 2021-இல் வந்த சோனி ஏ1, நிக்கான் இசட்9 ஆகியவற்றில் வாசிப்பு 1/250 அளவுக்கு விரைந்ததால் தொல்லை பெரிதும் அடங்கியது. 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மூன்றாம் பதிப்பில் முழுச் சென்சாரும் ஒரே கணத்தில் பதிகிறது. அந்த விலை கொடுக்க முடியாதவர்களுக்கு வழி எளிது. சிறகடிக்கும் பறவை வந்தால் இயந்திர ஷட்டருக்கு மாறிவிடலாம், சத்தம் கொஞ்சம் கேட்கும்.

கூர்மையே எல்லாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. கூட்டமாக எழும் நாரைகளை 1/30-இல் பேனிங் செய்து, சிறகெல்லாம் கோடுகளாக, கண்கள் மட்டும் எங்கோ ஓரிடத்தில் தெளிவாக வரும் படத்தை எடுப்பவர் 1/3200 எடுப்பவரைவிடக் கறாராகப் பறவையைக் கணித்திருக்க வேண்டும். பேனிங் பிசகைத் துடைக்க அங்கே ஷட்டர் இல்லை. அதிர்வு நீக்கியைப் பேனிங் நிலைக்கு மாற்ற வேண்டும், முழங்கையை விலாவோடு ஒட்டி இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், நூறில் இரண்டு மூன்று தேறினால் அதை நல்ல காலை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் இந்த வேகத்துக்கு எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கும், சென்சாரில் உள்ள தூசி முழுவதும் வானத்தில் புள்ளியாகத் தெரியும். ஆகவே சூரியன் எழுவதற்கு முந்தைய வெளிச்சமே இதற்குத் தோது. 1/3200-க்கு வெளிச்சம் பற்றவில்லை என்று பலர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தேநீர்க் கடைப் பக்கம் போவதும் அந்த நேரத்தில்தான்.